எல்லாரும் வைத்தியம் பார்த்த வேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் பள்ளி வேனில் ஒரு குழந்தைகூட இல்லை. குழந்தைகள் உட்காரும் சீட்டில் அவர்களுடைய அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் முகவாயில் இடிக்க, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலே வைத்துக்கொண்டு, சமர்த்தாக இருந்தார்கள். ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டை போடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகளைவிட அப்பாக்கள் தேவலாம்.

எல்லார் கவனமும் டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளில்தான். பின் சீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. அதனால் என் பக்கத்து சீட்டில் இருந்த நடராஜன் சார், பின்னால் இருந்த அப்பாக்கள் தலைவர் சண்முகத்துக்குக் கேட்கும்படி வர்ணனை கொடுத்துக்கொண்டே வந்தார்.

"கால்வாசில நிக்குதுங்க. இப்பக் கொஞ்சம் அசையுதுங்க. ஏனுங்க சண்முகம், பாதிக்கு வந்துருச்சுங்க."

அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்குப் போகிற ஏற்றம் அது. முள் சிவப்பைத் தொடாமல் வேன் பள்ளிக்கூட கேட் வரை போய்ச் சேர்ந்தால், அடுத்த வருடமும் பள்ளி ஓட்டம் எனக்கு. தொட்டுவிட்டால் வேறு வண்டி. வினாத்தாள் தயாரித்தவர்களே கண்காணிப்பாளராகவும் வந்து உட்கார்ந்திருந்த பரீட்சை அது.

கடைசி சீட்டில் என் வீட்டுக்காரர் பழனிச்சாமி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு. மலையில் பிறந்து, மலையில் வளர்ந்து, மலையிலேயே பேக்கரி வைத்திருக்கிற இந்த மனிதருக்கு நாலு வளைவு ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "பொறுப்பான ஆம்பளை ஒருத்தரு வண்டிக்காரங்க பக்கமும் இருக்கோணுமுங்க" என்று அப்பாக்கள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முள் எப்படி ஏறத் தொடங்கியது?

நான் மேட்டுப்பாளையத்துச் சமவெளியில் லைசென்ஸ் வாங்கிவிட்டு மலையில் வந்து முழித்த கதையை முன்பே எழுதிவிட்டேன். அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் கிளட்ச் போயிருக்கிறது, பஞ்சர் ஆகியிருக்கிறது, காட்டெருமை வந்து கண்ணாடியை முட்டியிருக்கிறது. எஞ்சின் மட்டும் சூடானதில்லை.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாட்களில்தான் முதலில் கவனித்தேன். ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டும். சமதளம் வந்தால் இறங்கும். வீட்டுக்கு வந்து ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும்.

தண்ணீர் குறைந்தால் எங்காவது ஒழுக வேண்டுமல்லவா? ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கையால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. ஃபேன் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன். விறைப்பாகத்தான் இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பால் டீ நிறத்தில் வெளுத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். வெளுத்திருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது, பெரிய செலவு வைக்கும். அதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தினமும் தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். மெக்கானிக் பெள்ளி அண்ணனிடம் காட்டலாம் என்று போனால், சொந்தத்தில் ஒரு சாவு, அவர் தன் ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, போயிருந்தார். காரியமெல்லாம் முடித்துத்தான் வருவார் என்றார்கள்.

அதற்குள் ஒரு நாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளோடு, வளைவிலேயே வண்டி கொதித்துவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினேன். பரீட்சைக்கு நேரத்தில் போய்விட்டார்கள். ஆனால் வேன் கொதித்த செய்தி பிள்ளைகளுக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது.

பானெட் திறந்தால் கூட்டம்

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக்கூட பத்திரிகை வைத்தால்தான் ஆள் வரும். பானெட் திறந்த வண்டிக்கு அது வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து, பக்கத்துச் சர்ச்சிலிருந்து என்று ஆட்கள் தாமாகவே வருவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஞ்சினை எட்டிப் பார்த்து, "ம்" என்பார்கள். அந்த "ம்" தான் பரிசோதனை. அடுத்தது தீர்ப்பு.

ஒரு சீசனில் சமவெளியிலிருந்து வந்த புது கார் ஒன்று ரோட்டோரம் புகைந்துகொண்டு நின்றது. எங்கள் ஆட்கள் சுற்றி நின்று தெர்மோஸ்டாட் என்றார்கள், வாட்டர் பம்ப் என்றார்கள், ஏ.சி. போட்டதால் என்றார்கள், கடைசியில் மனைவியின் ஊர் எது என்றுகூட விசாரித்தார்கள். அந்தக் கார்க்காரர் பாவம், ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே மலை ஏறியிருக்கிறார். அதைக் கண்டுபிடித்தது யாருமில்லை. கிளம்பும்போது அவராகவே பார்த்துக்கொண்டார். கூட்டம் மட்டும் திருப்தியாகக் கலைந்தது.

மற்றவர் வண்டிக்கு இது நடந்தபோது நானும் நின்று "ம்" போட்டவள்தான். என் வண்டிக்கு நடந்தபோதுதான் அந்த "ம்" எவ்வளவு எரிச்சல் மூட்டும் என்று தெரிந்தது.

அப்பாக்கள் குழு

'அரவேணு வேன் பெற்றோர்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பெற்றோர் என்று பெயர். இருப்பது அப்பாக்கள் மட்டும். பேரனை அனுப்புகிற நடராஜன் சாரும், வேன்காரி என்பதால் நானும் அதில் உண்டு. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஸ்வெட்டர் மாட்டி, நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற அம்மாக்கள் ஒருவரும் குழுவில் இல்லை. அவர்களுக்கு நேரமில்லையாம். அப்பாக்கள் சொன்னார்கள்.

குழுவுக்குத் தலைவர் சண்முகம். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர். இலையைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு வாட வேண்டும் என்று சொல்லிவிடுவார். அதனால் உலகத்தில் சூடாகிற எந்தப் பொருளைப் பற்றியும் தனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு என்று நம்புகிறவர். அவர் மனைவி சரோஜா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவர், எங்கள் முதல் நிறுத்தத்துக்காரர்.

நடராஜன் சார் வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எதைப் பார்த்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் என்பார்.

பரீட்சை நாளில் வண்டி கொதித்த அன்று சாயங்காலம் குழுவில் குரல் செய்திகள் குவிந்தன. நடராஜன் சார் தொடங்கி வைத்தார்.

"அம்மிணி கிளட்ச்சு மேலயே கால வெச்சு ஓட்டறாப்புல இருக்குதுங்க. பொம்பளைக பொதுவா அப்படித்தானுங்க. இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிப் பாக்கலாமுங்க."

கிளட்சில் கால் வைத்தால் கிளட்ச் தேயும், தண்ணீர் எப்படிக் குறையும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். சேலை கட்டிக்கொண்டு ஓட்டினால் ஆக்ஸிலேட்டர் சரியாக மிதிபடாது என்று ஒருவர் ஆராய்ச்சி சொன்னார். நான் வேன் ஓட்டும்போது சேலை கட்டியதே இல்லை. தினமும் பார்க்கிற மனிதர்.

அதற்கடுத்த சில நாட்கள் அப்பாக்கள் ஒவ்வொருவராகப் பேக்கரிப் பக்கம் வந்தார்கள். வேன் அங்கேதான் நிற்கும். பானெட் பூட்டுக் கம்பி எப்போதோ அறுந்துபோய், கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நான் வெளியே வந்து கேட்டால், "சும்மா பாத்தனுங்க அக்கா" என்று ஒரு டீயும் மொறுமொறு வர்க்கியும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் "சும்மா பார்த்த" பிறகு முள் முன்னைவிட வேகமாக ஏறியது. எனக்குப் புரியவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் பழுப்பேறியதையும் துரு என்றே நினைத்தேன். வண்டிக்கு வயதாகிவிட்டது போல என்று மனசு விட்டுப்போனது.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையை அறிவித்தார்கள். பெள்ளி அண்ணன் வரும்வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். "மெக்கானிக்கு உங்க பக்கம் பேசுவாருங்க" என்று சண்முகம் சொல்லிவிட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. ஓட்டம் போனால் வேன் போகும். வேன் போனால் நான் மறுபடி பேக்கரிக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வர்க்கி நிறுத்துப் போட வேண்டும். அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் பனி விலகாத காலையில், பின்னால் அத்தனை பிள்ளைகளும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வர, வளைவில் வண்டியைத் திருப்புகிற சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. அதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

வளைவில்

பாதி ஏற்றத்தில் நடராஜன் சார் குரல் தாழ்ந்தது. "முக்காலுங்க." அடுத்த வளைவில் வர்ணனை தேவைப்படவில்லை. பானெட் இடுக்கில் ஆவி வந்துவிட்டது.

ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் கவரைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடினார். அப்பாக்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, கையைப் பின்னால் கட்டி, பானெட்டைச் சுற்றி நின்றார்கள். நடராஜன் சார் தோளில் கிடந்த துண்டை எடுத்து ரேடியேட்டர் மூடியில் போட்டார்.

"கையை எடுங்க சார்" என்றேன். "சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்."

"இன்ஸ்பெக்‌ஷன் பண்றவங்களுக்குத் தெரியாதுங்களா அம்மிணி" என்றார். ஆனால் கையை எடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியேட்டரிலிருந்து வெளியே போகிற சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் பொங்கி ரோட்டில் வடிந்தது. தண்ணீர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நல்ல செம்பழுப்பு நிறம். ஆவி பறந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது.

சண்முகம் குனிந்தார். மூச்சை ஆழமாக இழுத்தார். தொழில் புத்தி, என்ன செய்வார்?

"கலரு நல்லா எறங்கியிருக்குதுங்க" என்றார். "நம்ம ஃபேக்டரி டஸ்ட்டு இந்தத் தண்ணிக்கு..."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் எல்லாரும் கேட்டுவிட்டோம்.

"என்ன தூளுங்க சண்முகம்?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அக்கா. சின்ன ஒழுக்கு எங்காவது இருந்தா டஸ்ட்டு போய் அடைச்சுக்கும். எங்க ஜீப்புக்கெல்லாம் போடுவமுங்க. ஒரு நாலு பிடி."

நடராஜன் சார் அவரைக் கோபமாகப் பார்த்தார். "யாரக் கேட்டுப் போட்டீங்க? நான் மஞ்சப்பொடி போட்டு அடைச்சு வெச்சிருக்கறேன். அதுக்கு மேல போயி டீத்தூளப் போட்டா அது எப்படிங்க வேலை செய்யும்?"

அதற்குப் பிறகுதான் பார்த்தேன். வடிந்த டீயில் மஞ்சள் ஓரம் கட்டியிருந்தது. நடுநடுவே வெள்ளை வெள்ளையாகத் திரி மாதிரி ஏதோ மிதந்து வந்தது. அதை மட்டும் அங்கே நின்ற எவரும் சொந்தம் கொண்டாடவில்லை. நான் தேயிலைச் செடிகளின் பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பேக்கரியில் முட்டைக்குப் பஞ்சமில்லை.

"ஏனுங்க, நீங்களுமா?"

"வெள்ளைக்கரு மட்டும்தான் தனம்" என்றார் மெதுவாக. "டிரைவர் ஒருத்தரு சொன்னாரு. நீ ராத்திரியெல்லாம் தூங்காம முழிச்சுக் கெடந்தியா, மனசு கேக்கல."

எனக்கு வந்த கோபத்தில் ரேடியேட்டரைவிட நான்தான் கொதித்தேன். அழுகையும் கூடவே வந்தது. ஒரு சின்னக் கோளாறு, அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை இல்லாமல், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் என் வண்டிக்குள் மசாலா டீ போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டு, ஏன் கொதிக்கிறது என்று எனக்கே பரீட்சை வைத்திருக்கிறார்கள்.

"உங்க ஊட்டு அடுப்புல இருக்கற கொழம்புல நான் வந்து கேக்காம எதையாச்சும் போட்டா விடுவீங்களா?" என்று கேட்டேன்.

தீர்மானம்

பதில் இல்லாவிட்டால் என்ன, தீர்மானம் உண்டே. ரோட்டோரத்திலேயே கூட்டம் போட்டார்கள். அவர்கள் யோசித்த விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். வண்டியில் குற்றம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வண்டிக்குள் கிடந்தது அவர்கள் போட்ட சரக்கு. தங்கள் மேல் குற்றம் என்றும் சொல்ல முடியாது, நல்லதுக்குத்தானே செய்தார்கள். அப்படியானால் மிச்சம் இருப்பது யார்?

"இத்தனையும் உள்ள கெடக்கறப்பக் கவனிக்காம ஓட்டினது அம்மிணிதானுங்களே" என்றார் நடராஜன் சார்.

சண்முகம் தொண்டையைக் கனைத்தார். "வண்டி இதே இருக்கட்டுமுங்க. கழுவிச் சுத்தம் பண்ணீரலாம். அடுத்த வருசத்துல இருந்து பழனிச்சாமி அண்ணன் ஓட்டட்டும். ஒரு ஆம்பளை கையில இருந்தா எங்களுக்கும் நிம்மதி."

தலைகள் ஆடின. என் வீட்டுக்காரர் கையில் இன்னும் அந்தக் கவர் இருந்தது. அதைப் பார்த்துமா இவர்களுக்குப் புரியவில்லை?

"என்னையுங்களா?" என்றார் அவர். "நாலு வளைவுக்கு எம்பட கதியப் பாத்தீங்கல்ல. நான் ஓட்டினா புள்ளைகளுக்கு ஆளுக்கொரு குடை குடுத்து அனுப்போணுமுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"முட்டை ஊத்தினது நானு. அது தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். அவ ஓட்டறது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. இத்தனை வருசத்துல உங்க புள்ளைல ஒண்ணுக்கு முட்டி செராச்சிருக்குதா? கொதிச்ச அன்னைக்குக்கூட பரீட்சைக்கு நேரத்துல அனுப்பி வெச்சா. நீங்களும் நானும் என்னத்தப் பண்ணினோம்? ஆளுக்கொரு பொடியப் போட்டோம்."

கல்யாணம் ஆன நாள் முதல் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் மறுபடி செடிக்குள் போய்விட்டார். மிச்சம் கொஞ்சம் இருந்ததாம்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அப்பாக்கள் கீழே நடந்து போனார்கள். பாதிப் பேர் கால்சட்டையில் டீக்கறை.

ஒரு மூடி

பெள்ளி அண்ணன் அன்று மத்தியானமே ஊருக்கு வந்துவிட்டார். தகவல் தெரிந்ததும் நேராக வளைவுக்கு வந்தார். ஆறிய ரேடியேட்டரைத் திறந்து வடியவிட்டுப் பார்த்தவர், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க வேண்டியிருந்தது. தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார்.

பிறகு ரேடியேட்டர் மூடியை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் இருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. நான் தினமும் அந்த மூடியைத் திறந்துதான் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

"நம்ம மலை உசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும் அக்கா" என்றார். "குக்கர் இல்லாம பருப்பு வேகுதா? அதே கதைதான். மூடி இறுக்கமா இருந்தா உள்ள தண்ணி கொதிக்காமத் தாங்கும். ரப்பர் போச்சுன்னா ஏத்தத்துல கொதிச்சு, ஓடற ஓட்டத்துல ஆவியாவே போயிரும். நீங்க அட்டை விரிச்சா அதுல எப்படி விழும்?"

புது மூடி போட்டு, கூலன்ட் ஊற்றி, அன்று மாலையே அந்த ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். முள் பாதியில் நின்றது, அசையவில்லை. வண்டி சரியாகிவிட்டது. ஓட்டம் இருக்கிறதா என்பது தெரியவில்லையே.

ராத்திரி குழுவில் சண்முகம் எழுதியிருந்தார். முடிவு எடுக்கும்வரை அவரவர் பிள்ளைகளை அவரவர் பொறுப்பில் பள்ளிக்கு அனுப்பிக்கொள்ளவும். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன.

திங்கட்கிழமை

போவதா வேண்டாமா என்று காலையில் யோசித்தேன். போகாவிட்டால் நானே முடிவு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். காலி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பனிக்குள் முதல் நிறுத்தம் தெரிகிறவரை யாரும் இருக்க மாட்டார்கள் என்றே நினைத்தேன்.

சரோஜா நின்றுகொண்டிருந்தார். எஸ்டேட்டுக்குக் கிளம்பிய கோலத்தில், தலையில் துணி கட்டி, முதுகில் கூடையோடு. பக்கத்தில் அவர் மகள். அவர்களுக்குப் பின்னால் மற்ற அம்மாக்களும் பிள்ளைகளும். மற்ற நிறுத்தத்துப் பிள்ளைகளும் அங்கேயே வந்திருந்தார்கள். அப்பாக்கள் ஒருவரும் இல்லை.

"உங்க ஊட்டுக்காரரு ஜீப்புல கொண்டு போய் விடறேன்னு சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னாருங்க அக்கா" என்றார் சரோஜா, மகளைத் தூக்கி உள்ளே ஏற்றிக்கொண்டே. "அந்த ஜீப்புக்குள்ள என்ன தூளப் போட்டு வெச்சிருக்கறீங்கன்னு கேட்டேன். பேசாம படுத்துக்கிட்டாரு."

பிள்ளைகள் ஏறினார்கள். ஜன்னலுக்குச் சண்டை தொடங்கியது. எனக்குக் கண் நிறைந்து, கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சரோஜா கூடையைச் சரித்து உள்ளிருந்து ஒரு பூட்டை எடுத்தார். புதுப் பூட்டு. அம்மாக்கள் சேர்ந்து வாங்கியது என்றார்.

"பானெட்டுக்குப் போட்டுக்கங்க அக்கா. யாரு கேட்டாலும் தொறந்து காட்டாதீங்க. சாவிய பழனிச்சாமி அண்ணங்கிட்டயும் குடுத்துறாதீங்க."

பெள்ளி அண்ணன் அன்றே கொண்டி வைத்துக் கொடுத்தார். சாவி என் தாலிக்கொடியில் தொங்குகிறது. வீட்டுக்காரர் அதை அடிக்கடி பார்க்கிறார், இதுவரை கேட்டதில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.